ஒரு பக்கம் இரண்டு ரூபாய்

சோமனூரில் கரண்ட் போனால்தான்
ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும்.
அப்படியொரு செவ்வாய்க்கிழமை, ஐப்பசி மத்தியானம்,
தறியெல்லாம் நின்றிருந்தபோது
கடைக்குள் வந்தான் மௌலீசுவரன்.
பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு.
சட்டைக் காலரில் பஞ்சு.

"சாதிச் சான்றிதழ் ஒரு காப்பிங்க்கா."
கரண்ட் இல்லை, உட்கார் என்றேன்.
எதற்கு என்று கேட்டேன்.
"தெரீலீங்க்கா. சார் கேட்டாருங்."

எதற்கென்று தெரியாமலேதான்
இந்த ஊரில் முக்கால்வாசிக் காகிதம் நகலாகிறது.
நானும் பதினோராம் வகுப்பில்
நித்யகலா பேர் கொடுத்த குரூப்பில் பேர் கொடுத்தவள்.
அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்,
அவ்வளவுதான் திட்டம்.
இரண்டு வருடம் கழித்து நர்சிங் விண்ணப்பத்தில்
உயிரியல் மதிப்பெண் என்ற கட்டத்துக்குள்
கர்சர் மின்னி மின்னிக் காத்திருந்தது.
நித்யகலா அப்போது கல்யாணமாகிக் காங்கேயத்தில்.

மே மாதம் வந்து பாருங்கள் இந்தக் கடையை.
ஆதாரில் பழனாத்தாள்,
மாற்றுச் சான்றிதழில் பழனியம்மாள்,
ஒரே அம்மா.
நாளை கடைசித் தேதி என்று
தறிக்குடோனிலிருந்து அப்படியே ஓடிவரும் அப்பாக்கள்.
சர்வர் சுற்றும், சுற்றும்.
அழாமல் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால்தான்
எனக்குப் பயம்.

கெட்டுப்போன பிரிண்ட் ஒன்றைத் திருப்பிப் போட்டு
அவனுக்காக எழுத ஆரம்பித்தேன்,
கடைசியிலிருந்து.
கல்லூரி வாசல்.
அதற்கு முன் கவுன்சிலிங், அதற்கு முன் கட்-ஆஃப்,
பன்னிரண்டு, பதினொன்று,
அதற்கும் முன்னால் ஒரு தாளில் ஒரே ஒரு டிக்:
எந்த குரூப்.

"அது எப்பங்க்கா?"
வருகிற மே.
விரல்விட்டு எண்ணினான். ஏழு.
மூடாத விரல் மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

என்ன ஆகப்போகிறாய் என்று கேட்கவில்லை.
கேட்டால் எல்லாரும் கலெக்டர்.
என்ன செய்யும்போது சோறு மறக்கும் என்றேன்.
"எருமை கன்னு போடறப்பங்."
போன மாதம் தலை திரும்பிக் கிடந்த கன்றை
டாக்டர் தோள்வரை கைவிட்டு எடுத்தாராம்.
டார்ச் பிடித்தது இவன்.
விடிந்தது தெரியவேயில்லையாம்.

உயிரியல் என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.
கால்நடை மருத்துவம் கைக்கு எட்டாவிட்டால்
போகக்கூடிய நான்கு படிப்பின் பெயர்.
அம்மாவுக்கு ஒரே பேர்.
முதல் பட்டதாரி சான்றிதழுக்கு
உங்கப்பா எதுவரை படித்தார்?
"படிக்கவே இல்லீங்க்கா."
அதற்கும் ஒரு காகிதம் வேண்டும்.
சிரித்துவிட்டான். நானும்தான்.

தாளைத் தூக்கிப் பார்த்து,
"பாவு ஓட்டற மாதிரிங்க்கா" என்றான்,
"ஒரு இழை உட்டுப்போச்சுன்னா
கடேசி மீட்டர் வரைக்கும் அப்படியே வரும்."
எனக்குத் தறி தெரியாது,
என் அப்பா லாரி ஓட்டினார்.
சரியாகத்தான் இருக்கும்.

அப்புறம் மெதுவாக,
"கவினேசு, சஞ்சித்து எல்லாரும்
கம்ப்யூட்டர் சயின்ஸுங்க்கா."
தாளின் ஓரத்தை மடித்தான், பிரித்தான்.
"நான் மட்டும் தனியா உக்காரோணும்."

இதுவரை யாரிடமும் சொல்லாத
நித்யகலா கதையைச் சொல்ல வாய் திறந்தேன்.
பாதியில் கரண்ட் வந்தது.
ஊர் மொத்தத் தறியும் ஒரே நேரத்தில் அடிக்க,
என் வாய் அசைவதையே பார்த்திருந்தான்.
எதுவரை கேட்டதோ.

மெஷின் சூடாகட்டும் என்று நின்றோம்.
சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன்.
கையெழுத்துத் தாளையும் நீட்டி,
என் காதருகே வந்து கத்தினான்:
"இதுலயும் ரெண்டு போடுங்க்கா,
அவனுகளுக்கு."

அதற்குக் காசு வாங்கவில்லை
என்று எழுதத்தான் ஆசை.
வாங்கினேன்.
ஐந்தாம் தேதி கடை வாடகை.